தேக்குப் பலகையில் ரெண்டு 'ங்க'

இன்னைக்கு பல்லடத்துல ஒரு அம்மா வீட்டுக்கு, நான் செதுக்கின தேக்குப் பலகையைக் குடுக்கப் போனேன்.

ஆர்டர் வாட்ஸ்அப் வாய்ஸ்ல வந்தது. "கேட்டுல மாட்ட ஒரு பலகை வேணுமுங்க. நாய் இருக்குதுங்க, வெளிய நின்னு கூப்பிடுங்க."

'நாய்கள் ஜாக்கிரதை'ன்னு மிரட்டாம எவ்வளவு மரியாதையா கேக்கறாங்கன்னு நினைச்சு, அதையே செதுக்கிப்போட்டேன். ரோட்டரி டூல்ல சின்ன பிட்டை மாட்டி, கை நடுங்காம 'ங்க'வோட வளைவைக் குடையறதுக்கே அரை நாள் ஆச்சு. அதுவும் ரெண்டு 'ங்க'.

அந்தம்மா பலகையைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

"ஏனுங்க, இது நீங்க வாரப்ப பாத்து வாங்கன்னு உங்களுக்குச் சொன்னதுங்க! ஊட்டுப் பேரை அடுத்த வாய்ஸ்ல சொன்னனே?"

போனை எடுத்துப் பார்த்தேன். அடுத்த வாய்ஸ் இருக்கு. நான்தான் கேக்கவே இல்லை.

எழுத்து ஆழமா இறங்கிருச்சு, தேய்ச்சு அழிக்க முடியாது. வேற செஞ்சு தர்றேன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள சிலிண்டர் கொண்டாந்தவர், கேட்டுல சாத்தியிருந்த பலகையைப் படிச்சுட்டு வெளியவே நின்னு, "அம்மணி, நாயைப் புடிச்சுக்கங்க!"ன்னு கூப்பிட்டார்.

"எப்பவும் நேரா உள்ள வந்துட்டு, அப்புறம் கத்துவாருங்க"ன்னு அந்தம்மா சிரிச்சாங்க. "இதும் இருக்கட்டும். ஊட்டுப் பேரையும் செஞ்சு குடுத்துருங்க."

பேர் என்னங்கன்னு கேட்டேன்.

"நல்வரவுங்க."

ரெண்டும் ஒரே கேட்டுல தொங்கப்போகுது. எது மேல, எது கீழன்னு நீங்களே சொல்லுங்க. 'நல்வரவுங்க'ல வர்ற 'ங்க' பலகைக்கா, எனக்கான்னு மட்டும் நான் கேட்டுட்டு வந்துட்டேன்.