ஒன்பது முறை எழுதப்பட்ட பெயர்

எங்கள் தைத்தா மலைப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ம்கம்புரி, இருபத்திரண்டு ஆண்டுகளாக எதையும் நம்பாமலேயே பாடம் நடத்துகிறவர். யாராவது நூற்றுக்கு நூறு வாங்கினால் விடைத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பக்கத்து வகுப்பு ஆசிரியனான நான் காலை வணக்கம் சொன்னால், "என்ன விஷயம்?" என்பார்.

இந்தப் பருவத்தில் மேலிடத்து ஆணை வந்தது. பிள்ளைகளின் தன்மதிப்பை வளர்க்க வேண்டுமாம். சத்தம் போடுகிறவர்களின் பெயரை வகுப்புத் தலைவி எழுதுவது நின்றது. இனி நல்லது செய்கிறவர்களின் பெயர். ஒரு பெயருக்கு ஒரு கிலோ கைதட்டல்; எங்கள் ஊரில் கைதட்டலுக்கும் எடை உண்டு.

தலைவி வகேஷோவுக்கு எட்டு வயது. ஒரு வருடம் பட்டியல் எழுதிய பலன், மதியம் சோளமும் பீன்ஸும் தனியாகத்தான் சாப்பிடுவாள். அவள் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும்.

முதல் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ஒரே பெயர்: ம்கோய். ஒன்பது முறை. ம்கோய் வகுப்பில் வாயே திறக்காத பெண்.

ம்கம்புரியின் முகம் மலர்ந்தது. லஞ்சம்.

"என்ன குடுத்தா உனக்கு?"

"ஒண்ணும் குடுக்கல டீச்சர்."

"கொய்யாப்பழமா?"

"இல்ல டீச்சர். என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டா."

"அதுக்கு ஒன்பது தடவையா?"

வகேஷோ தரையைப் பார்த்தாள். "எழுதலேன்னா எந்திரிச்சுப் போயிடுவாளோன்னு..."

"நான் போக மாட்டேன்டி," என்றாள் ம்கோய், அந்த ஆண்டு முதல் முறையாக எல்லோருக்கும் கேட்கும்படி. "என் பேர எழுதாத. எல்லாரும் பாக்குறாங்க, வெக்கமா இருக்கு."

ம்கம்புரி நோட்டைத் தடயமாகப் பறிமுதல் செய்தார். இனி தினம் ஒரு பிள்ளை எழுதும் என்று தீர்ப்பானது. ஒன்பது கிலோ கைதட்டல் விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டது.

திங்கட்கிழமை இடைவேளையில், கையில் நோட்டு இல்லாத வகேஷோ கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"வாடி, குதி," என்றாள் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்த ம்கோய்.

மூன்றாவது குதியில் கால் சிக்கியது. "அவுட்டு. ஆனை மாதிரி குதிக்கிறா. போய்க் கயிறப் புடி," என்றாள் ஒரு பொடிசு. போன மாதம் அப்படிச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. வகேஷோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

சன்னலில் என் பக்கத்தில் நின்ற ம்கம்புரி கண்ணைச் சுருக்கினார்.

"திட்டினதுக்கு ஏன் சார் சிரிக்கிறா? இதுல ஏதோ இருக்கு."

மணி அடிக்கும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.