திங்கட்கிழமை இருமல்

இராஜபாளையத்தில் டாக்டர்களுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. எங்கள் தெருமுனையிலேயே ஒருவர் இருந்தார். ஆனாலும் மூன்றாம் வகுப்பில் எனக்குச் சளி பிடித்ததற்கு, அம்மா என்னை பஸ் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனாள். நம் சளிக்கு இத்தனை மரியாதையா என்று எனக்கே பெருமையாக இருந்தது. ஜன்னலோர இடம் வேறு கிடைத்தது.

அம்மா அப்போது ஒரு நூல் மில்லில் கார்டிங்கில் இருந்தாள். பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்கிற இடம் அது. முதல் ஷிப்ட் முடிந்து வந்து, தலையை அலசி, நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் கிளம்பினாள். எவ்வளவு அலசினாலும் காதோரத்துப் பஞ்சு மட்டும் போகாது.

டாக்டர் வயதானவர். என் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார், முதுகில் குழலை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். "என்ன செய்யுது?" என்று என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது அம்மா.

"ராத்திரி பூரா இருமுதா சார். மாடி ஏறுனா மூச்சு வாங்குது. திங்கக்கெழம ஆனா நெஞ்சு இறுகிப் போயிருது. செவ்வா, புதன்ல கொஞ்சம் தேவல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மாடியே கிடையாது. "பொய் சார்" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

டாக்டர் சிரித்தார். "திங்கக்கிழமை மட்டும் வர்றதா? அது பள்ளிக்கூட நோயும்மா. பிள்ளைக்கு நெஞ்சு சுத்தமா இருக்கு. சாதாரண சளி. ஆன்டிபயாடிக் எல்லாம் வேண்டாம். வெந்நீர் குடுங்க, தானா போயிரும்."

அம்மா எழுந்திருக்கவில்லை. "நெஞ்சு இறுகுறதுக்கு என்ன சார் செய்ய?" என்றாள் மறுபடியும். அப்போதுதான் அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். காதோரத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"மில்லுல எந்த டிபார்ட்மெண்ட்டும்மா?"

"கார்டிங்."

"ஞாயித்துக்கிழமை லீவா?"

அம்மா தலையாட்டினாள். அவர் என்னை எழுப்பிவிட்டு அந்த ஸ்டூலில் அம்மாவை உட்காரவைத்தார். குழல் அவள் முதுகுக்குப் போனது. பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். என் வைத்தியத்தில் அம்மா குறுக்கே புகுந்துவிட்டதாக எனக்கு ஒரே கோபம். படம் வரும்வரை அவள் என் கையை விடவே இல்லை.

"டிபியா சார்? தெரிஞ்சா மில்லுல நிப்பாட்டிருவாக சார்."

"படத்துல டிபி இல்லம்மா. இது பஞ்சுத் தூசி. லீவு முடிஞ்சு மறுபடி உள்ள போற அன்னைக்குத்தான் கூடப் பிடிக்கும்." வாயில் வைத்து இழுக்கிற மருந்து ஒன்றை எழுதிக்கொடுத்து, வேறு டிபார்ட்மெண்ட் கேட்டுப் பாருங்கள் என்றார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு ஒரு மாத்திரைகூட எழுதவில்லையே என்று நானும் அழுதேன்.

இராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே பக்கத்து வீட்டு அத்தை. அவளும் அதே கார்டிங்தான்.

"எங்க மதினி போயிட்டு வாரீங்க?"

"டாக்டர்ட்ட. இவளுக்குத்தான், விடாம இருமுதா."

அம்மா என் கையை அழுத்தினாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபத்தை மறந்து, வராத இருமலை வரவழைத்து இருமித் தள்ளினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "திங்கக்கெழம ஆனா நெஞ்சு இறுகிரும் அத்தை" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அத்தையின் முகம் மாறிவிட்டது. என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "ஏட்டி, அது டிபி இல்லன்னு சொல்லிட்டாவளா?"

"இல்லையாம். தூசியாம். இழுக்குற மருந்து தந்திருக்காங்க."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, எந்த டாக்டர் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் அத்தை தன் மகனை இழுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். முந்தின நாள்வரை என்னோடு குதியாட்டம் போட்டவன். கேட்டவர்களிடமெல்லாம், "இவனுக்குத்தான் இருமல்" என்றாள். என்னிடமிருந்துதான் அவனுக்குத் தொற்றிவிட்டது என்று பயந்துபோய், அவன் திரும்பி வந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.