அடுத்த கட்டம்

தன் மகளின் கல்யாணத்துக்கு முந்தின நாள், கோழியைத் துரத்திப்போய் விழுந்து என் அக்கா கையை முறித்துக்கொண்டாள். புத்தளம் ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டவர் நரைத்த தாடிக்காரர்.

"எப்படி விழுந்தீங்க, ராத்தா?"

அக்கா அழுதுகொண்டே சொன்னாள். கட்டு காய்ந்ததும் அவர் பேனையை எடுத்து, கோழியையும் குப்புற விழுந்த அக்காவையும் அதன்மேல் ஒரு கட்டத்துக்குள் வரைந்தார். பக்கத்துக் கட்டத்தில் அவள் எழும்பிப் பிரியாணி பரிமாறினாள்.

"சின்னதில சிரிப்புப் படக்கதை எண்டா உசிரு. அதில விழுந்தவன் அடுத்த கட்டத்தில எழும்பிருவான். அந்தப் பைத்தியம் இன்னும் என்னை விடல்ல. யார் வந்தாலும் ரெண்டு கட்டம் வரைஞ்சுதான் அனுப்புவன்."

அக்கா சிரித்துவிட்டாள்.

கல்யாண வீட்டில் எல்லோரும் மணப்பெண்ணை விட்டுவிட்டு அக்காவின் கையைச் சூழ்ந்துகொண்டு, படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்க அவர் அங்கே இல்லையே என்பதுதான் எனக்கு இன்னும் ஆதங்கம்.