பல்லுக்காரர் வீட்டுக் காடு

தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்பார்கள். அதற்காக அவரைப் பல் மருத்துவர் என்று நினைத்துவிடக் கூடாது. மருத்துவர் பிடுங்கிய இடத்தில் பொருத்துவதற்குப் பீங்கான் பல் செய்துகொடுக்கும் லேப்பில், நிறம் பார்ப்பது அவர் வேலை. பல்லெல்லாம் வெள்ளை என்று நம்பிக்கொண்டிருக்கும் அப்பாவிகள் அவரிடம் கொஞ்ச நேரம் பேசினால் போதும், அப்புறம் கண்ணாடி முன்னால் வாய் திறக்கவே கூசுவார்கள். பக்கத்துப் பல்லை ஒரு பார்வை பார்ப்பார். அதே நிறத்தில் புதுப்பல் தயாராகும். சம்பளம் அந்தக் கண்ணுக்குத்தான். மற்ற உறுப்புகள் துணைக்குப் போய்வந்தன.

அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் காடு முளைத்ததற்குக் காரணம், அவர் மனைவி வாங்க நினைத்த வால்பேப்பர். அம்மையார் கணக்கு டீச்சர். பெரிய பெரிய இலைகளும், உடம்பைவிட அலகு பெரிதாகத் தெரியும் டூக்கான் பறவையும் அச்சடித்த சுருள் ஒன்றைக் கடையில் பார்த்து வைத்திருந்தார்.

"ஒட்டுற இலையா? கலர் பாக்குறவன் வீட்டுலயா? நாலு பேர் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. பல்லு தெரிஞ்சாத்தானே உங்களுக்கு வேலை."

ரோஷம் வந்துவிட்டது. காட்டைத் தாமே வரைவதென்று முடிவு செய்தார். அக்ரிலிக் டப்பாக்கள் வந்தன. சோபா நகர்ந்தது. தரையில் பழைய செய்தித்தாள் விரிந்தது. சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, உடைந்த பீங்கான் தட்டில் வண்ணம் குழைத்தார். இதுவரை எல்லாம் முறைப்படிதான். ஆனால் தூரிகை மட்டும் லேப்பிலிருந்து வந்தது. பல்லில் முடியளவு கோடு இழுக்கிற தூரிகை. அதை வைத்து ஆளுயர இலைக்கு நரம்பு போட்டார். இந்த வேகத்தில் போனால் தன் கல்யாணத்துக்கு ஒரு கிளையாவது தேறும் என்று கல்லூரி படிக்கும் மகள் கணக்குப் போட்டாள்.

குழப்பம் இரண்டாம் நாளே ஆரம்பித்தது. முந்தின நாள் பாதியில் விட்ட இலையை முடிக்க உட்கார்ந்தார். அந்தப் பச்சையை அச்சு அசலாகப் பிடித்துக் குழைத்து, மீதிப் பாதியை நிரப்பினார். ஒட்டுத் தெரியவில்லை. பூரித்துப்போய்ச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் இலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது, புதுப்பாதி கறுத்திருந்தது.

"யாரு இதுல கை வெச்சது?"

"நானா? எனக்கு இருக்குற வேலையில இலைக்குக் கறுப்பு வேற பூசுறேனா?" என்றார் மனைவி.

சரி, கறுத்த பாதிக்கு ஏற்றாற்போல் அடுத்த இலையைப் போட்டார். காலையில் அது இன்னும் கறுத்திருந்தது. அதற்கு ஏற்றாற்போல் அதற்கடுத்தது. திருத்தத் திருத்தக் காடு இருட்டிக்கொண்டே போனது.

"ஜன்னல் பக்கம் விடிஞ்சிருக்கு, சமையல்கட்டுப் பக்கம் ராத்திரி ஆயிடுச்சுப்பா. நடுவுல மதியத்துக்கு இடமே விடலியே?" என்றாள் மகள்.

இதை அவரும் சிரித்துத் தள்ளியிருப்பார். அந்த வாரம் பார்த்து லேப்புக்கு ஒரு பல் திரும்பி வந்தது. புகைப்படக்காரர் ஒருவரின் முன்பல். ஊரையே சிரிக்கச் சொல்லிப் பிழைக்கிற மனிதர் அவர். அவர் சிரித்தால் அந்த ஒரு பல் மட்டும் டியூப்லைட் போல எரிகிறதாம். லேப் முதலாளி பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு ஷேடு வெளுப்பாத்தான் இருக்கு. தப்பா நெனைக்காதீங்க. கண்ணைக் காட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் நிறம் பாக்குறதுக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

வீட்டில் பச்சை கறுக்கிறது, லேப்பில் வெள்ளை வெளுக்கிறது. எந்தக் கண் எந்தத் திசையில் கெட்டிருக்கிறது என்றே அவருக்கு விளங்கவில்லை. வலக்கண்ணை மூடிச் சுவரைப் பார்த்தார்; இடக்கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டையும் மூடியபோதுதான் காடு ஒரே நிறத்தில் இருந்தது.

"என் கண்ணு போச்சு," என்றார் மனைவியிடம். அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கேலிக்குத் திறந்த வாயை அம்மையார் மூடிக்கொண்டார்.

"நீங்க சொன்னா ஆச்சா? என் எதிர்ல ஒரு இலை போடுங்க. நானும் பாக்கறேன்."

போட்டார். இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இலையையே பார்த்தார்கள். ஓரத்திலிருந்து பளபளப்பு அடங்கியது.

"ஏங்க, கறுக்குது."

"உனக்கும் தெரியுதா!"

"நல்லாவே தெரியுது. ஈரத்துல ஒரு நிறம், காய்ஞ்சா ஒரு நிறம். பெயின்ட்டோட குணம் அது. உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல."

பல்லுக்காரருக்குப் போன உயிர் வந்தது. கணக்கு டீச்சர் அதை வந்த இடத்தில் தங்கவிட்டால்தானே?

"அப்ப அந்தப் பல்லு ஏன் தப்பாச்சு?"

ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். பல்லுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். பல்லும் அப்படித்தான், ஆனால் அது காய்ந்தால் வெளுக்கும். அதனால்தான் வாயைத் திறந்த கையோடு நிறம் பார்த்துவிட வேண்டும் என்பது லேப்பில் முதல் பாடம். அன்றைக்குப் புகைப்படக்காரரின் உதட்டை விலக்கிப் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டிவிட்டு, இவர் என்ன செய்தார்? வீட்டில் தாம் வரையப்போகும் காட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த இலை முன்னால், எது பின்னால், டூக்கான் எந்தப் பக்கம் பார்க்கும், எல்லாம். அந்த மனிதர் புருவத்தைப் புருவத்தை உயர்த்தினார். ரசிக்கிறார் என்று எண்ணி இவர் இன்னும் விரிவாகச் சொன்னார். பக்கத்துப் பல் காய்ந்து சுக்கான பிறகுதான் நிறம் பார்த்தார்.

கண் நிரபராதி. வாயைத்தான் பிடித்து உள்ளே போட வேண்டும்.

மறுநாள் முதலாளியிடம் உள்ளதைச் சொன்னார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. பேசிக்கிட்டே இருந்துட்டேன்."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தனை வருஷமா எல்லாப் பல்லும் எப்படிச் சரியா வந்துச்சுன்னுதான் இப்ப எனக்கு ஆச்சரியமா இருக்கு. சரி, அவரைத் திரும்பக் கூப்பிடுங்க. ஒரே ஒரு தடவை."

புகைப்படக்காரர் வந்தார். நாற்காலியில் சாயும்போதே, "சார், அந்தக் காடு என்ன ஆச்சு?" என்றார்.

தொண்டை வரை வந்ததைப் பல்லுக்காரர் விழுங்கினார். "திறங்க," என்றார். ஒரு பார்வை. "மூடிக்குங்க."

புதுப்பல் பொருத்தியதும் மனிதர் நேரே லேப்புக்கே வந்து, முதலாளி முன்னிலையில் வாய் நிறையச் சிரித்துக் காட்டினார். பல்லுக்காரர் குனிந்து உற்றுப் பார்த்தார். தாம் நிறம் சொன்ன பல் எது என்று தெரியவில்லை. இந்தக் கோடிக்கு நகர்ந்து பார்த்தார், அந்தக் கோடிக்கு நகர்ந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன சார், கண்டுபிடிக்க முடியலியா?" என்று கேட்டார் புகைப்படக்காரர், சிரிப்பை மூடாமலே.

"முடியலியே," என்றார் பல்லுக்காரர். சொன்ன பிறகுதான், அது நல்ல சேதி என்று அவருக்கு உறைத்தது.