ஒரு காதில் தறி

வெண்ணந்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் சௌந்திரம் சரியாகத் தூங்கியதே இல்லை. வீட்டுக்குள்ளேயே இரண்டு விசைத்தறி, தெருவில் அத்தனை வீட்டிலும் தறி. பேச்சென்றால் கத்தல், இல்லாவிட்டால் கைஜாடை. போகப்போகப் பழகி, கரண்ட் போனால்தான் விழிப்புத் தட்டும் என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். தெருவே தானாகத் தறியை நிறுத்துகிற சந்தர்ப்பம் ஒன்றுதான் உண்டு. யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், பிணம் எடுக்கிறவரை எந்த வீட்டிலும் தறி ஓட்ட மாட்டார்கள்.

இப்போது அவள் அஸ்தம்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரி அறையில், ஒரு காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தாள். மகள் நித்யஸ்ரீக்குப் பிரசவம் சிக்கலாகி, வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்திருந்தார்கள். மருமகன் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு வடக்கே எங்கேயோ கிடந்தான். மகளின் கட்டிலை விட்டு நகர வழியில்லை. வெண்ணந்தூரிலோ புருஷன் மருதாசலம் தனியாகத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு வலிப்பு வரும். பக்கத்தில் ஆள் இருந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பிழைத்தார். குப்புற விழுந்து மூச்சடைத்தால் போச்சு. "தறிய நிறுத்திப்போட்டு சும்மா இருங்க" என்றால் கேட்கிற மனுஷனா? பெரிய வீரர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு வழியனுப்பி வைத்தார்.

நித்யாதான், கிளம்புவதற்கு முன்பே, பழைய போன் ஒன்றைத் தறிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டாள். அங்கே கேட்கிற சத்தமெல்லாம் உடனுக்குடன் அம்மாவின் போனுக்கு வருகிற மாதிரி ஏதோ ஆப். கேட்க மட்டும்தான் முடியும், இங்கிருந்து பேசினால் அங்கே கேட்காது.

தறி ஓடுகிற சத்தத்தை வைத்து சௌந்திரம் ஏமாந்துவிடவில்லை. ஆள் விழுந்தாலும் தறி பாட்டுக்கு ஓடும். குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் இருக்கிற நூல் தீர்ந்தால் நிற்கும். மனுஷன் புது நூல் போட்டுத் தட்டிவிட்டால்தான் மறுபடி ஓடும். அது நின்று நின்று ஓடுவதுதான் அவளுக்குப் புருஷனின் மூச்சு.

மத்தியானம் ஒரு தறி நின்றது, மறுபடி ஓடவில்லை. ஒண்ணுக்குப் போயிருப்பார் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் மற்றதும் நின்றது. தெருத் தறிகள் மட்டும் தூரத்தில் இரைந்தன.

மகளின் போனைப் பிடுங்கி அவருக்கு அடித்தாள். பக்கத்து வீட்டு அப்புசாமிக்கு அடித்தாள். எதிர்வீட்டுக்கு அடித்தாள். யார் எடுப்பார்கள்? தறி ஓடுகிற வீட்டில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆம்புலன்ஸ் ராசிபுரத்திலிருந்து வரவேண்டும் என்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்க, மனுஷன் நாதியற்றுச் சாவதா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் லைன்மேன் கதிர்வேல் நினைவுக்கு வந்தான்.

"கதிரு, சாமி, எங்க தெருவுக்குக் கரண்ட்ட நிறுத்து!"

"ஏனுங்க்கா, கரண்ட் போனா என்னையத் திட்டறதே உங்க தெருதானுங்களே?"

"உம்பட மாமன் ஊட்டுல உழுந்து கெடக்கறாரு சாமி. தறிச் சத்தத்துல ஒருத்தருக்கும் போன் கேக்கமாட்டேங்குது. நீ நிறுத்துனாத்தான் எடுப்பாங்க. உன்ற காலுல உழுகறேன்."

"நான் அத்தனூர்ப் பக்கம் நிக்கறனுங்க, வர நேரமாயிரும். ஆபீசுல சொல்லி இப்பவே நிறுத்தச் சொல்றேன். வெச்சுருங்க."

ஹெட்செட்டில் தெரு அடங்கியது. வாழ்நாளெல்லாம் சபித்த கரண்ட் கட்டை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த அமைதியில் மூச்சு கேட்டது. கொர்ரென்று, இழுத்து இழுத்து. "இருக்கறாரு!" என்று கத்திவிட்டாள். இந்த முறை அப்புசாமி போனை எடுத்தார்.

"அண்ணா, எங்கூட்டுக்கு ஓடுங்க! அவரு உழுந்துட்டாரு, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க!"

செருப்புச் சத்தம் ஓடி வந்தது. "மாப்ள! மாப்ள!" என்று அப்புசாமி கத்தினார். இன்னும் ஆட்கள் வந்தார்கள், பெண்கள் குரல் கேட்டது, யாரோ தண்ணீர் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் மூச்சுச் சத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்புசாமியை மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. பிறகு குரல்களும் தணிந்துபோயின.

கையிலிருந்த போன் அடித்தது. கதிர்வேல்தான்.

"அக்கா, மறுபடி கரண்ட் உட்டாச்சுங்க. மாமா நல்லா இருக்கறாருங்களா?"

சௌந்திரம் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தறிவீட்டு ஃபேன் சுற்றத் தொடங்கியது கேட்டது. இனி அப்புசாமி வீட்டில் ஓடும், எதிர்வீட்டில் ஓடும். யாராவது ஒருத்தர் தறியைத் தட்டிவிடுங்கள் சாமி என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கட்டிலிலிருந்து நித்யா மெல்லக் கேட்டாள். "அம்மா, தறி ஓடுதா?"

தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.