தராசுக்கு வைத்த சந்தனப் பொட்டு

கல்கத்தாவில், அலிப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீஸில் என் பொறுப்பு ஒரே ஒரு தராசு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். ஒரு தலைமுடியை வைத்தாலும் முள் நகரும். தினமும் தட்டுகளைத் துடைத்து, திருகைத் திருப்பி, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் எதையும் எடை பார்க்கலாம். அந்த நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து மூச்சு விட்டால்கூட எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபத்தில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதல் ஆறு மாதம் தற்காலிகம். அது முடிந்ததும் ஆபீஸின் தலைவரான வெள்ளைக்காரத் துரை என்னைச் சோதித்துப் பார்ப்பார். சரி என்றால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மூட்டை கட்டி ரயிலேற வேண்டியதுதான். அதனால் என் மனைவி கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியைக் காலி செய்யவே இல்லை. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி பூட்டி வைப்பாள். ஆனால் ஊர் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பக்கத்து வீட்டு அம்மாளை "தீதி, தீதி" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டு, மூன்றே மாதத்தில் என்னைவிட நன்றாகப் பெங்காலி பேசினாள். திரும்பிப் போக அவளுக்கு மனமில்லை. எனக்கும்தான்.

ஆயுத பூஜை வந்தது. கல்கத்தாவில் அது துர்கா பூஜை விடுமுறை. ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. மனைவிக்கு அது பெரிய குறை.

"சோறு போடற தராசுக்கு ஒரு பொட்டுகூட வைக்கலையே! திறக்கற அன்னிக்காவது வெச்சுடுங்கோ" என்று சந்தனம் அரைத்துச் சின்னச் சம்புடத்தில் போட்டுக் கொடுத்தாள்.

திறந்த அன்றுதான் எனக்குச் சோதனையும். சீக்கிரமே போய், யாரும் பார்க்காமல், ஒரு தட்டின் அடியில் பொட்டு வைத்தேன். அதன் பாரத்தில் முள் விலகியது. அதற்குத்தானே திருகு இருக்கிறது? திருப்பி, மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பதினோரு மணிக்குத் துரை வந்தார். முதலில் வெறும் தட்டுகளோடு முள்ளைப் பார்த்தார். அது பூஜ்யத்தில் இல்லை. நன்றாகவே விலகி நின்றது.

"காலையில் இதைச் சரிபார்த்தாயா?"

"பார்த்தேன், சார்."

குனிந்து பார்த்தேன். பொட்டு காய்ந்து வெளுத்திருந்தது. ஈரச் சந்தனம் காயும், காய்ந்தால் எடை குறையும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். பெரிய மனிதனான எனக்குத் தோன்றவில்லை! தராசு பழசு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் ஒரு பாவமும் அறியாத அதன்மேல் பழி போட மனம் வரவில்லை. ஆயுத பூஜையிலிருந்து சம்புடம் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

துரை சிரிக்கவில்லை. "காய்ந்ததில் எவ்வளவு தண்ணீர் போயிருக்கும்?" என்று கேட்டார்.

"தெரியாது, சார்."

"அப்படியானால் கண்டுபிடி. இதுதான் உன் பரீட்சை."

தட்டைத் துடைத்தேன். முள்ளைச் சரிசெய்தேன். சம்புடத்தில் மிச்சமிருந்த சந்தனத்தில் ஒரு பொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து எடை பார்த்தேன். அது காயும்வரை நாற்காலியில் உட்கார முடியவில்லை, அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். காய்ந்ததும் மறுபடி பூஜ்யம் பார்த்து, மறுபடி எடை பார்த்து, இரண்டு எடைகளையும் குறைந்த அளவையும் எழுதினேன். பிறகு துரை, என் தாளைப் பார்க்காமல், காய்ந்த பொட்டைத் தானே எடை பார்த்தார். அவர் கண்ட எடையும் நான் எழுதியதும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருந்தன.

அப்போதுதான் சிரித்தார். "அடுத்த வருஷம் பொட்டைப் பெட்டிக்கு வை, தட்டுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்போ வேலையை வாங்கிக் கொடுத்தது என் சந்தனம்தான்!"

அன்று சாயங்காலமே தகரப் பெட்டியில் இருந்த கடைசிப் புடவைவரை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். "இனிமே இது நமக்கு எதுக்கு?" என்று காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அரிசி போட்டு வைக்கத் தீதியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.