மைக்கில் விழுந்த மெல்லும் சத்தம்

தொழிலில் அவருக்கு ‘ஆடாத கை’ என்று பெயர். இருபத்திரண்டு வருடங்களாக விழா வீடுகளில் வீடியோ எடுக்கிறார். கூட்டம் எவ்வளவு முண்டியடித்தாலும் அவர் எடுக்கும் படம் அசையாது. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த ஆடாத கையின் வழியாகத்தான் குழாயை விட்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

விஷயம் அவருக்கும் மனைவிக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும். விழா நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயக்கூடிய ஆளை யார் கூப்பிடுவார்கள்?

“விருந்துக்குப் பசியோட போகாதீங்க. வீட்டுலயே சாப்பிட்டுட்டுப் போங்க. பொரிச்சது, உப்பு, இனிப்பு எதுலயும் கை வைக்காதீங்க” என்றார் டாக்டர்.

கை வைக்காமல் இருப்பது சுலபம். இரண்டு கையும் கேமராவில்தானே இருக்கின்றன! சிக்கலே அதுதான். பாசக்காரர்கள் நேராக வாயில் ஊட்டிவிடுவார்கள். தடுக்கக் கை இருக்காது.

எடுத்த வீடியோவை வீட்டில் வெட்டி ஒட்டுவது மனைவி. போன வாரம் ஒரு கல்யாண வீடியோவில், வாழ்த்துரைக்கு நடுவே மொறுமொறுவென்று சத்தம். கேமராவின் மைக்குக்கும் அவர் வாய்க்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை.

“இது யாரு வாய்?”

“யாராவது விருந்தாளியா இருக்கும்.”

“விருந்தாளி அச்சு அசல் உங்கள மாதிரியே இருமுறாரே!” ஹெட்போனைக் கழற்றினாள். “இன்னொரு தடவை இந்தச் சத்தம் கேட்டுச்சு, கஸ்டமருக்கு நானே போன் போட்டு ஸ்டென்ட் விஷயத்தைச் சொல்லிடுவேன். அப்புறம் நீங்களாச்சு, உங்க தொழிலாச்சு.”

நேற்று மரக்கடை முதலாளியின் ஐம்பதாவது பிறந்தநாள். முந்நூறு பேர். அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். மூன்று நாள் வேலை. யாருக்குக் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

வேக வைத்த பயறும் வெள்ளரிக்காயும் இரண்டு சப்பாத்தியும் சாப்பிட்டுவிட்டுத்தான் ஆடாத கை கிளம்பியிருந்தார். வயிறு நிறைந்திருந்தது. பயம்தான் அடங்கவில்லை.

முதலில் வந்தவர் முதலாளியின் தங்கை. “வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்களே அண்ணே, ஆ காட்டுங்க!” தலையை அசைப்பதற்குள் எண்ணெயில் பொரித்த ஒரு துண்டு வாய்க்குள் போய்விட்டது. நாக்கு துள்ளியது. அவர் மெல்லவில்லை. மென்றால் மைக்கில் விழும். கேக் வெட்டி முடிகிற வரை, எட்டு நிமிடம், கன்னத்திலேயே அடக்கி வைத்திருந்து, தூணுக்குப் பின்னால் போய்க் காகிதத்தில் துப்பினார். நெஞ்சு படபடத்தது. உப்பாலா, பயத்தாலா என்று தெரியவில்லை.

திரும்பினால் எதிரே முதலாளி. கையில் முஷ்டி அளவுக்கு ஓர் இனிப்பு.

“மக கல்யாணமும் உனக்குத்தான்யா! முதல்ல இதைச் சாப்பிடு!”

சுற்றிலும் கைதட்டல். இனிப்பு உதட்டில் இடித்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

“வேண்டாம் சார். எனக்கு ஸ்டென்ட் வச்சிருக்காங்க. மூணு மாசம் ஆச்சு.”

கைதட்டல் நின்றது.

“என்னய்யா சொல்றே? கல்யாணத்துல பாதியில விழுந்து கிழுந்து வச்சேன்னா?”

“இப்படி ஊட்டினா விழுவேன் சார். ஊட்டாம விட்டா நிப்பேன்.”

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி இனிப்பைத் தட்டில் வைத்தார். “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். கேமரா பிடித்த கை அதன் பிறகும் ஆடவில்லை.

இன்று காலை மனைவி வீடியோவை ஓட்டினாள். அவர் சர்க்கரை போடாத டீயோடு பின்னால் நின்றார்.

“என்ன, எட்டு நிமிஷமா வெறும் மூச்சுதான் கேக்குது? மூக்கடைப்பா?”

அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். முதலாளியிடம் ஸ்டென்ட் என்று அவர் சொன்ன இடம் வந்தது. இரண்டு தடவை கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“கல்யாணம் போச்சா?”

“போச்சுன்னுதான் நினைக்கிறேன்.”

பத்து மணிக்குப் போன் அடித்தது. முதலாளி. மனைவி ஸ்பீக்கரைப் போட்டாள்.

“யோவ், நல்லா யோசிச்சுப் பார்த்தேன். நீயே வா. ஆனா தனியா வராதே. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா கேமராவைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்.”

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி போனைப் பக்கத்தில் இழுத்தாள்.

“நான் வரேன் சார். அவருக்குச் சாப்பாடும் நானே எடுத்துட்டு வந்துடறேன். உங்க தங்கச்சிகிட்ட மட்டும் முன்னாலயே சொல்லி வச்சிருங்க.”